வயிறு எரியுது என்றால் அசிடிட்டி இல்லை

மிக்ஸி வாரண்டி, ஃபிளாட் அட்வான்ஸ், கேஸ் இணைப்பு என்று வழக்கமாக வரும் கேள்விகளுக்கு நடுவே, பெங்களூரில் மனநல ஆலோசகரை எப்படித் தேடுவது என்று கேட்டுச் சில கடிதங்கள் வந்திருக்கின்றன. இதுவும் காசு கொடுத்து வாங்கும் சேவைதான், பில் உண்டு, ஏமாற்றும் உண்டு. அதனால் இந்தப் பகுதியிலேயே பதில் சொல்கிறேன்.

கேள்வி: அல்சூரில் இருக்கிறோம். அப்பா போய் ஏழு மாதம் ஆகிறது. அம்மாவுக்கு வயது 63. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து கூடத்தில் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். சாப்பாடு பாதியாகிவிட்டது. போனில் தேடினால் சைக்கியாட்ரிஸ்ட், சைக்காலஜிஸ்ட், தெரபிஸ்ட், கவுன்சலர், லைஃப் கோச் என்று வரிசையாக வருகிறது. அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான், கன்னடம் காய்கறிக் கடை அளவுக்கு. யாரிடம் போவது?

பதில்: முதலில் அந்தப் பெயர்களைப் பிரித்துக்கொள்வோம். சைக்கியாட்ரிஸ்ட் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து, மேற்கொண்டு மனநல மருத்துவத்தில் எம்.டி., டி.என்.பி. அல்லது டி.பி.எம். படித்த டாக்டர். நீங்கள் சொன்ன வரிசையில் மாத்திரை எழுதக்கூடியவர் இவர் மட்டும்தான். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் பெரும்பாலும் எம்.ஃபில். படித்து, ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்தவர். பேச்சு வழிச் சிகிச்சையும் உளவியல் சோதனைகளும் இவர் வேலை. கவுன்சலர் என்றால் உளவியலிலோ சமூகப்பணியிலோ முதுகலை முடித்து, அனுபவம் உள்ளவரின் மேற்பார்வையில் வேலை பழகியவராக இருக்கலாம். வார இறுதி வகுப்பில் சான்றிதழ் வாங்கியவராகவும் இருக்கலாம். தெரபிஸ்ட் என்ற சொல்லை யார் வேண்டுமானாலும் போர்டில் எழுதிக்கொள்கிறார்கள். லைஃப் கோச்சை உங்கள் அம்மா விஷயத்தில் மறந்துவிடுங்கள்.

சரிபார்ப்பது கஷ்டமில்லை. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் சி.ஆர்.ஆர். எண், அதாவது ஆர்.சி.ஐ. பதிவு எண் கேளுங்கள், ஆர்.சி.ஐ. இணையதளத்தில் தேடலாம். டாக்டர் என்றால் மருத்துவக் கவுன்சில் பதிவு எண் சீட்டிலேயே இருக்க வேண்டும். கவுன்சலருக்கு இப்படி ஒரே பதிவேடு கிடையாது. அதனால் எங்கே படித்தீர்கள், என்ன பட்டம், யாருடைய மேற்பார்வையில் வேலை செய்கிறீர்கள் என்று நேராகவே கேட்டுவிடலாம். ஒழுங்காகப் படித்தவர் இதற்குக் கோபப்பட மாட்டார்.

ஏழு மாதத் துக்கம் தன்னளவில் நோய் இல்லை. ஆனால் தூக்கமும் சாப்பாடும் குறைந்திருக்கிறதே, அதை விடக்கூடாது. முதலில் வழக்கமாகப் போகும் டாக்டரிடம் காட்டி தைராய்டு, சர்க்கரை, பி12 பார்த்துவிடுங்கள். இந்த வயதில் தைராய்டு குறைந்தாலும் மனச்சோர்வு மாதிரியே தெரியும். அப்புறம் ஒருமுறை மனநல மருத்துவர், அவர் சொன்னால் பேச்சு வழிச் சிகிச்சை. பக்கத்து மருந்துக் கடையில் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுக்கும் யோசனை மட்டும் வேண்டாம். அல்பிரசோலம் போன்றவை சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்துகள், பழகினால் விடுவது கஷ்டம்.

இனி மொழி. இதைத்தான் கொஞ்சம் விரித்துச் சொல்ல ஆசை.

என் பெரியம்மாவை இப்படி ஒரு மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனேன். பொறுமையான டாக்டர், தமிழ்தான் தெரியாது. பெரியம்மா பேசப் பேச நான் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தேன். முந்தானையைச் சுருட்டி வயிற்றில் அழுத்திக்கொண்டு, "அதை நினைச்சாலே வயிறு எரியுது" என்றார். நான் அவசரத்தில் வயிற்றெரிச்சல் என்றே மொழிபெயர்த்துவிட்டேன். சாப்பாட்டுக்கு முன்பா, பின்பா என்று டாக்டர் கேட்டார். சீட்டின் முதல் வரியில் அசிடிட்டி மாத்திரை. பெரியம்மா சொன்னது, வீட்டை எழுதி வாங்கிக்கொண்ட பிறகு போனை எடுக்காத மூத்த மகனைப் பற்றி. அவர் எனக்கு அண்ணன். என்னை நடுவில் வைத்துக்கொண்டு பெரியம்மா வேறு என்னதான் சொல்லியிருக்க முடியும்?

ஆகவே இரண்டு விஷயம். தமிழ் பேசுபவரைத் தேடுங்கள். நீங்கள் மொழிபெயர்ப்பாளராக உட்காராதீர்கள். போன் செய்யும்போது தமிழ் தெரியுமா என்று கேட்டால் எல்லோரும் தெரியும் என்பார்கள். "அம்மா தமிழில் மட்டும்தான் பேசுவார், நீங்கள் தமிழிலேயே பதில் சொல்வீர்களா?" என்று கேளுங்கள். அப்படியே இரண்டு நிமிடம் தமிழில் பேசிப் பாருங்கள், தெரிந்துவிடும். அரசு மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸ் போனால் பதிவு செய்யும் இடத்திலேயே தமிழ் தெரிந்த டாக்டர் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். பக்கத்தில் யாரும் கிடைக்காவிட்டால், டாக்டரை இங்கே பார்த்துவிட்டு, பேச்சு வழிச் சிகிச்சையைச் சென்னையிலோ கோவையிலோ இருப்பவரிடம் வீடியோவில் வைத்துக்கொள்ளலாம். போனை அம்மா முன்னால் சாய்த்து வைத்துவிட்டு நீங்கள் அறையை விட்டு, முடிந்தால் வீட்டை விட்டே, வெளியே போய்விடுங்கள். ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை வரை ஒரு நடை போய்வர நேரம் சரியாக இருக்கும்.

அம்மா "நானும் அவரோடவே போயிருக்கலாம்" என்கிற மாதிரி ஏதாவது சொன்னால் அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்க வேண்டாம். டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண் 14416, எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம். நிம்ஹான்ஸ் அவசரப் பிரிவும் 24 மணி நேரமும் உண்டு.

கேள்வி: பெல்லந்தூரில் ஐ.டி. வேலை. ஒரு ஆப்பில் பத்து செஷன் பேக்கேஜுக்கு மொத்தமாக 12,000 ரூபாய் கட்டினேன். இரண்டு செஷன் முடிந்ததும் அந்த தெரபிஸ்ட் விலகிவிட்டார் என்று வேறொருவரைப் போட்டார்கள். புதியவரிடம் மறுபடி முதலிலிருந்து கதை சொல்ல எனக்குத் தெம்பில்லை. பணத்தைத் திருப்பித் தரமாட்டோம், வாலட்டில்தான் வைப்போம் என்கிறார்கள். விட்டுவிடுவதா?

பதில்: விடாதீர்கள். நீங்கள் வாங்கியது வெறும் பத்து செஷன் பேச்சு அல்ல, ஒரு குறிப்பிட்ட ஆளோடு தொடர்ந்து பேசும் வசதி. வாங்கும்போது அவருடைய படமும் படிப்பும் போட்டு விற்றார்களா? அந்தப் பக்கத்தை இப்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், நாளைக்கு இருக்காது. பில், பணம் கட்டிய விவரம், அவர்களோடு நடந்த சாட், ரீஃபண்ட் விதிகள் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேருங்கள். பிறகு மின்னஞ்சலில் எழுதுங்கள், சாட்டில் வேண்டாம். எட்டு செஷனுக்கான 9,600 ரூபாயைக் கட்டிய கணக்கிலேயே திருப்ப வேண்டும், 15 நாள் அவகாசம் என்று நான்கு வரி போதும். உங்கள் மனக் கஷ்டத்தை அதில் விவரிக்க வேண்டாம். வாடிக்கையாளர் சேவையில் உட்கார்ந்திருக்கும் பையனுக்கு அது தெரிய வேண்டியதில்லை.

அவகாசம் முடிந்தும் பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பெரும்பாலும் இந்தக் கட்டத்திலேயே நிறுவனங்கள் இறங்கி வருவதைப் பார்த்திருக்கிறேன். அப்படியும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். நிறுவனத்தின் தலைமை அலுவலகம் குருகிராமில் இருந்தால் அது அவர்கள் பாடு. 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய சேவைக்குப் புகார்க் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, இணையத்திலேயே தாக்கல் செய்யலாம். பிரச்சினை வந்ததிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். குறையுள்ள சேவையை நிறுத்திப் பணத்தைத் திருப்பித் தர மறுப்பதையே முறையற்ற வணிகம் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. பணத்தைத் திருப்பப் பில்லில் கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாள்தான் கெடு. தெரபிஸ்ட் விலகியது குறையே அல்ல, மாற்று ஆள் தந்தோமே என்று அவர்கள் வாதாடுவார்கள். ஆளைக் காட்டித்தான் விற்றார்கள் என்பதற்கு அந்த ஸ்கிரீன்ஷாட்தான் உங்கள் பதில்.

இன்னொன்று. பேக்கேஜ் தானாகப் புதுப்பிக்கும்படி யு.பி.ஐ. ஆட்டோபே போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். இருந்தால் உங்கள் யு.பி.ஐ. ஆப்பிலேயே ரத்து செய்துவிடுங்கள். இதைப் படிப்பவர்களுக்கும் சொல்கிறேன்: முதல் செஷனுக்கு முன் பேக்கேஜ் வாங்காதீர்கள். புடவைக் கடையிலேயே பிரித்துப் பார்க்காமல் எடுப்பதில்லை.

கேள்வி: ஸ்ரீராமபுரத்தில் தையல் வேலை செய்கிறேன். ஆறு மாதமாகப் படபடப்பு, பஸ் ஏறினாலே மூச்சு முட்டுகிறது. இதயத்துக்கு எல்லாம் பார்த்தாயிற்று, ஒன்றும் இல்லை என்றுவிட்டார்கள். தனியாரில் ஒரு மணி நேரத்துக்கு 1,500 ரூபாய் கேட்கிறார்கள். எங்களைப் போன்றவர்கள் என்ன செய்வது?

பதில்: இந்த நகரத்தில் தனியாரில் ஆயிரத்திலிருந்து மூவாயிரம் வரை கேட்பது சகஜமாகிவிட்டது. ஆனால் நீங்கள் இருக்கும் ஊரில்தான் நாட்டின் முதன்மையான மனநல மருத்துவமனை இருக்கிறது. ஒசூர் சாலையில் நிம்ஹான்ஸ். சென்னையில் கீழ்ப்பாக்கம் என்று சொல்லிக் கிண்டல் செய்கிற மாதிரி இங்கே நிம்ஹான்ஸ் பெயரைச் சொல்லிச் சிரிக்கிறவர்கள் உண்டு. சிரிக்கட்டும். 1974இல் பழைய மைசூர் அரசு மனநல மருத்துவமனையையும் ஒரு மத்திய ஆய்வு நிறுவனத்தையும் இணைத்து உருவானது அது. தனியாரில் கட்டணம் கொடுக்க வசதியுள்ளவர்களே அங்கே வரிசையில் நிற்கிறார்கள். கட்டணம் தனியாரோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு, வறுமைக்கோட்டு அட்டை இருந்தால் எடுத்துப் போங்கள். காலையிலேயே போக வேண்டும், பாதி நாள் போய்விடும் என்று நினைத்துக்கொண்டு போங்கள். தைக்கக் கொடுத்தவர்களிடம் அன்றைக்குச் சாக்கு சொல்லிவிடுங்கள். சாப்பாடு கட்டிக்கொள்ளுங்கள். இதயத்துக்கு எடுத்த ஈ.சி.ஜி., எக்கோ காகிதங்களையும் கொண்டுபோங்கள், இல்லாவிட்டால் மறுபடி எடுக்கச் சொல்லலாம்.

ஒசூர் சாலை தூரம் என்றால் சிவாஜிநகர் பௌரிங் மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. பி.டி.எம். லேஅவுட்டில் நிம்ஹான்ஸின் நலவாழ்வு மையம் ஒன்று உண்டு, ஆஸ்பத்திரி வாடை இல்லாத இடம், முன்பதிவு செய்துகொண்டு போகலாம். இதற்கிடையில் 14416க்குப் பேசுங்கள், இலவசம்.

நீங்கள் எழுதியிருப்பது பேனிக் என்று சொல்லப்படுவதைப் போல இருக்கிறது, ஆனால் அதைப் பார்த்துச் சொல்ல வேண்டியவர் டாக்டர். அதுதான் என்றால் சி.பி.டி. என்கிற பேச்சு வழிச் சிகிச்சை நன்றாகவே வேலை செய்யும், கணக்கு வைத்துச் சில வாரங்களில் முடிகிற சிகிச்சை. மாத்திரை கொடுத்தால் பலன் தெரிய இரண்டு மூன்று வாரமாவது ஆகும். நாலாம் நாளே நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி: எங்கள் கம்பெனி இலவசமாக ஆறு செஷன் தருகிறது. பேசியது எச்.ஆருக்குப் போகுமா?

பதில்: 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் உங்கள் விவரங்களை ரகசியமாக வைக்கச் சொல்கிறது. உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு போன்ற சில விலக்குகள் உண்டு. ஆனாலும் முதல் செஷனில், "கம்பெனிக்கு என்னென்ன அறிக்கை போகும்?" என்று கேட்டுவிடுங்கள். எத்தனை பேர் வந்தார்கள் என்ற எண்ணிக்கை மட்டும் என்றால் சரி. பதில் மழுப்பலாக வந்தால், மேனேஜரைப் பற்றிய பேச்சை வெளியே காசு கொடுத்துப் பேசுங்கள்.

கேள்வி: மனநலத்துக்கு இன்சூரன்ஸ் கிடைக்குமா?

பதில்: உடல் நோய்க்குத் தருவது போலவே மனநோய்க்கும் தர வேண்டும் என்று அதே 2017 சட்டம் சொல்கிறது. ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் கேட்கலாம். வாரம் ஒருமுறை போய் உட்கார்ந்து பேசும் கட்டணம் பெரும்பாலான பாலிசிகளில் வராது, புறநோயாளிச் செலவு தனியாகச் சேர்த்திருந்தால்தான் உண்டு. பாலிசிக் காகிதத்தில் ஓ.பி.டி. என்ற எழுத்துகளைத் தேடுங்கள்.

கேள்வி: நான்கு மாதமாக ஒரு கவுன்சலரிடம் போகிறேன். நல்லவர். ஆனால் ஒன்றும் மாறிய மாதிரித் தெரியவில்லை. விட்டுவிட்டுப் போனால் தப்பாக நினைப்பாரோ என்று சங்கடமாக இருக்கிறது.

பதில்: இந்தச் சங்கடம் எனக்கும் இருந்தது. நானும் ஒருவரிடம் ஐந்து மாதம் போனேன். முதல் மாதத்துக்குப் பிறகு, நான் பேசும்போது அவர் கண் என் தலைக்கு மேலே இருந்த கடிகாரத்துக்குப் போகும். மூன்றாவது மாதத்தில் தன் மாமியார் கதையை என்னிடம் சொல்ல ஆரம்பித்தார். நான் "அப்படியா, அடடா" என்று கேட்டுக்கொண்டிருந்தேன், கட்டணமும் கட்டினேன். தீபாவளிக்குச் சுவீட் பாக்ஸ் வேறு!

அதனால் இப்போது இப்படிச் சொல்வேன். எதற்காகப் போனீர்கள் என்பதை ஒரு வரியில் எழுதுங்கள். தூக்கம், கோபம், அம்மாவோடு பேச்சுவார்த்தை இல்லாதது, எதுவோ அது. அதை அவரிடம் காட்டி, "இதில் நாம் எங்கே இருக்கிறோம்? இனி என்ன செய்யப்போகிறோம்?" என்று கேளுங்கள். அவர் யோசித்துப் பதில் சொன்னால், அல்லது இது தன் கைவசமில்லை என்று வேறொருவரின் பெயரைத் தந்தால், அவர் ஒழுங்கான ஆள். சில சமயம் கஷ்டமான இடத்துக்கு வந்ததால்தான் நமக்கே ஓடத் தோன்றும், அதையும் அந்தப் பேச்சில் கண்டுபிடித்துவிடலாம். "எல்லாம் சரியாகும், பாசிட்டிவாக இருங்கள்" என்று மட்டும் சொன்னால் கிளம்பிவிடுங்கள். மதத்தையோ ஜாதியையோ இழுத்தால், உங்கள் கல்யாணத்தைத் தொடரச் சொல்லியோ முறிக்கச் சொல்லியோ தீர்ப்புக் கொடுத்தால், செஷனுக்கு வெளியே சந்திக்கலாம் என்றால், அந்தக் கேள்விகூட வேண்டாம், அன்றோடு நிறுத்துங்கள்.

விடைபெற வாட்ஸ்அப்பில் இரண்டு வரி போதும்: "இதுவரை உதவியதற்கு நன்றி. இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன், என் குறிப்புகளின் சுருக்கம் ஒன்று தர முடியுமா?" அந்தச் சுருக்கம் அடுத்தவரிடம் போகும்போது கையில் இருக்கட்டும். முதலிலிருந்து கதை சொல்லும் வேலையில் பாதி குறையும்.