தாக்கத்தி பட்ட விரலுக்கு ஏன் இரண்டு ஒபரேஷன்?

கேள்வி: டொக்டர் ஐயா, போன மாசியில் மெஷின் இறங்காத வரம்போரத்து வெள்ளாமையை வெட்டும்போது, இடது மோதிரவிரலின் அடியில் தாக்கத்தி ஆழமாக இறங்கிவிட்டது. தோலைத் தைத்தார்கள், காயமும் ஆறியது. விரல் மட்டும் மடங்கவேயில்லை. இப்போது இரண்டு ஒபரேஷன் வேண்டுமாம். முதலாவதில் சிலிக்கன் குழாய் வைத்து மூன்று மாதம் விடுவார்களாம். ஒரேயடியாக முடிக்க ஏலாதா?
- வாசகர், வெல்லாவெளி

பதில்: தம்பி, அது குழாய் அல்ல, துளையில்லாத வழுவழுப்பான கோல். உங்களுக்கு வெட்டுப்பட்ட இடத்தில் விரலை மடக்கும் தசைநாண்கள் (தசையை எலும்போடு இணைக்கும் கயிறுகள்) இரண்டும் ஒரே ஒடுக்கமான உறைக்குள் ஓடுகின்றன. அன்றே விரலை மடக்கச் சொல்லிப் பார்த்திருந்தால் நாண் அறுந்த விஷயம் பிடிபட்டிருக்கும். சரி, அது போகட்டும். இத்தனை மாதத்தில் உறை தழும்பேறி அடைபட்டிருக்கும். அதற்குள் இப்போதே புது நாணை வைத்தால் அதுவும் ஒட்டிக்கொள்ளும்.

அதனால்தான் முதலில் தழும்பை அகற்றிக் கோலைக் கிடத்துகிறார்கள். தூண்டில் தடியில் இருப்பதுபோல நாணை எலும்போடு அணைத்துப் பிடிக்கும் வளையங்கள் விரலிலும் உண்டு. சிதைந்திருந்தால் அவற்றையும் கட்டுவார்கள். கோலைச் சுற்றி உடம்பு தானாகப் புது உறை வளர்க்கும். மூன்று மாதம் அதற்குத்தான். அப்புறம் புது நாணைக் கோலின் முனையில் தைத்து, பாவாடைக்கு நாடா கோர்ப்பதுபோல இழுத்துவிடுவார்கள். அமெரிக்க நிபுணர் ஹண்டர் 1971இல் எழுதி வெளியிட்ட முறை இது.

புது நாண் உங்கள் உடம்பிலிருந்தே வரும். பெருவிரலையும் சுண்டுவிரலையும் தொடவைத்து மணிக்கட்டை மடக்கிப் பாருங்கள். நடுவில் கயிறு மாதிரி ஒன்று எழும்பும். எழும்பாவிட்டால் பயப்பட வேண்டாம், சிலருக்கு அது பிறவியிலேயே இல்லை. கெண்டைக்காலிலிருந்து எடுக்கலாம்.

அந்த மூன்று மாதமும் இயன்மருத்துவர் காட்டித்தரும்படி மற்றக் கையால் விரலை மடக்கி நீட்டுங்கள். மூட்டு இறுகிப்போனால் இரண்டாவது ஒபரேஷன் வீண். சிவந்து வீங்கினால் கிளினிக் நாள் பார்த்துக்கொண்டிராமல் உடனே போங்கள்.

இரண்டாவதற்குப் பிறகு ஆறு கிழமையளவு கைக்கு மட்டைக்கட்டு, மூன்று மாதம்வரை பாரவேலை இல்லை. ஆகவே வருகிற பெரும்போகத்தை வேறு யாரிடமாவது ஒப்படையுங்கள். அவசரப்பட்டு மண்வெட்டி பிடித்து, தைத்த நாணை அறுத்துக்கொண்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். விரல் பழையபடி முழுக்க மடங்கும் என்று சொல்லமாட்டேன். மண்வெட்டிப் பிடியைச் சுற்றி வளைந்தாலே நல்ல பலன்.

நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் கேட்கிறேன்: பீடி பழக்கம் உண்டா? உண்டென்றால் இன்றே விடுங்கள், காயம் ஆறுவதை அது பிந்தவைக்கும்.