இளைஞர்கள் அடித்துக் கொன்றவரின் குடும்பம் எப்போது பழைய நிலைக்குத் திரும்பும்?

நண்பனின் தம்பி இறந்து ஒரு வருடமாகிறது, வீட்டில் இன்னும் யாரும் சகஜமாகவில்லை, இது இயல்பா என்று கேட்டிருக்கிறீர்கள். இயல்புதான். எங்கள் வீட்டில் 11 வருடமாகிறது.

என் தம்பிக்கு அப்போது 17 வயது. அடித்தவர்களும் அவன் வயதுப் பையன்கள்தான். அதில் ஒருவன் எங்கள் வீட்டுக்கு வந்துபோய், என் அம்மாவையும் அம்மா என்றே கூப்பிட்டவன். முன்பின் தெரியாதவன் என்றால் திட்டியாவது தீர்த்திருப்பாள், இவனை எப்படித் திட்டுவது என்று தெரியாமலோ என்னவோ, இன்றுவரை வாசலில் மணி அடித்தால் அம்மா உள்ளே போய்விடுவாள். அப்பா ராத்திரியில் நாலு முறை எழுந்து தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்ப்பார். நான் நல்ல பிள்ளையாகிவிட்டேன். எதற்கும் அழுவதில்லை, எதையும் கேட்பதில்லை, அரை மணி நேரம் தாமதமானால்கூட போன் செய்துவிடுவேன். எனக்கு அப்போது 20. "அம்மாவைப் பார்த்துக்கோ" என்று சொல்லாதவர்கள் இல்லை, நீ எப்படி இருக்கிறாய் என்று ஒருவர் கேட்கவில்லை. இப்போதும் ஏதாவது படிவத்தில் உடன்பிறந்தோர் எத்தனை பேர் என்று இருந்தால் என் பேனா அங்கேயே நின்றுவிடும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். சான்றுப் பொருள் என்று எடுத்துப்போன அவன் போன் திரும்பி வர மூன்று வருடம் ஆனது. அவன் குரல் அதில் மட்டும்தான் இருந்தது. கைக்கு வந்தபோது பேட்டரி உப்பிப்போய் ஆன் ஆகவே இல்லை. யாரிடம் போய்க் கேட்பது?

இளம் குற்றவாளிகளை எப்படி நடத்த வேண்டும், அவர்கள் அடையாளத்தை எப்படிக் காக்க வேண்டும் என்ற விதிகளை ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1985 நவம்பர் 29 அன்று ஏற்றது. அதே நாளில், பாதிக்கப்பட்டவரின் நெருங்கிய குடும்பமும் பாதிக்கப்பட்டோரில் சேரும் என்ற பிரகடனத்தையும் ஏற்றது. முதலாவது எங்கள் வழக்கில் ஒழுங்காக நடந்தது. இரண்டாவதைப் பற்றி எங்களிடம் யாரும் வாய் திறக்கவில்லை. அந்தப் பையன்களைத் தூக்கில் போடச் சொல்கிறேன் என்று நினைத்துச் சண்டைக்கு வராதீர்கள், அவர்கள் திருந்தட்டும், எனக்கு அதில் மறுப்பே இல்லை. எங்களையும் ஒரு பேச்சுக்காவது கேட்டிருக்கலாம் என்கிறேன், அவ்வளவுதான்.

நீங்கள் நண்பனைப் பார்க்கும்போது அவன் தம்பியைப் பெயர் சொல்லிப் பேசுங்கள். நினைவுபடுத்திவிடுவோமோ என்று பயப்படாதீர்கள், அவர்கள் மறந்தால்தானே! போன மாதம் தம்பியோடு படித்த பெண் ஒருத்தி வழியில் என்னைப் பார்த்து, கணக்குப் பரீட்சையில் அவன் செய்த கூத்தைச் சொன்னாள். வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மா இரண்டு முறை திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டாள்.