கேப்டன் பாயின்ட்டும் கப்பல் வேகமும்: கேள்வி பதில்

வேர்ல்டு ஆஃப் வார்ஷிப்ஸ் என்ற ஆன்லைன் கடற்போர் விளையாட்டில் கேப்டனை எப்படி வளர்த்தால் கப்பல் வேகமாக ஓடும் என்று கேட்டு நிறைய பேர் எழுதியிருக்கிறீர்கள். நான் பெரும்பாலும் ஓட்டுவது டெஸ்ட்ராயர், அதாவது சின்ன, வேகமான போர்க்கப்பல். அதனால் பதில்களும் அந்தப் பக்கமே சாயும்.

உப்புக்காற்று: அண்ணா, கேப்டனுக்கு 10 பாயின்ட் வந்துவிட்டது. கப்பல் வேகம் ஒரு நாட் (மணிக்கு ஒரு கடல் மைல்) கூட ஏறவில்லையே?

ஏறாது தம்பி. இந்த விளையாட்டில் கேப்டன் லெவல் ஏறுவதால் மட்டும் வேகம் கூடாது. பாயின்ட்டைக் கொடுத்து எந்த ஸ்கில்லை வாங்குகிறீர்கள் என்பதுதான் கணக்கு.

வேகம் வேறு வழிகளில் வருகிறது. சியரா மைக் என்ற சமிக்ஞைக் கொடியைக் கப்பலில் கட்டினால் 5 சதவீதம். இன்ஜின் பூஸ்ட் (சிறிது நேரம் மட்டும் வேகம் கூட்டும் வசதி, ஓர் ஆட்டத்தில் சில முறைதான்) போட்டால் பெரும்பாலான டெஸ்ட்ராயர்களுக்கு 8 சதவீதம், பிரெஞ்சுக் கப்பல்களுக்கு 20. இவை ஒன்றோடொன்று பெருகும். ஜப்பானிய டெஸ்ட்ராயர் ஷிமகாசேயின் அடிப்படை வேகம் 39 நாட். கொடியோடு 41-ஐ ஒட்டி வரும், பூஸ்ட்டும் போட்டால் 44. பிரெஞ்சு க்ளேபர் 44-இல் தொடங்கி, இரண்டும் சேர்ந்தால் 55-ஐத் தாண்டும். இதில் கேப்டனுக்கு எந்த வேலையும் இல்லை.

கேப்டன் வழியாக வேகம் வேண்டுமென்றால் டெஸ்ட்ராயருக்கு 'ஸ்விஃப்ட் இன் சைலன்ஸ்' இருக்கிறது. விலை 4 பாயின்ட். எதிரி கண்ணில் படாதவரை மட்டும் வேகம் கூடும், பட்டதும் போய்விடும். அதனால் முதல் 4 பாயின்ட் ஸ்கில்லாக இதை எடுக்காதீர்கள். நாலாவது வரிசைக்குப் போகவே 1, 2, 3 பாயின்ட் வரிசைகளில் ஒவ்வொன்று வாங்கியிருக்க வேண்டும். ஆக முதல் 10 பாயின்ட்டில் நாலாவது வரிசை ஸ்கில் ஒன்றே ஒன்றுதான் கிடைக்கும். அது எதிரி கண்ணில் படும் தூரத்தைக் குறைக்கும் 'கன்சீல்மென்ட் எக்ஸ்பர்ட்' ஆகவே இருக்கட்டும். ஒளிந்திருந்தால்தானே ஒளிந்திருக்கும்போது வரும் வேகம் உதவும்? வேக ஸ்கில்லை 14-ஆவது பாயின்ட்டில் எடுங்கள்.

இன்னொன்று. என்ன வேகம் வந்தாலும் நேர்கோட்டில் ஓடாதீர்கள். 44 நாட் வேகத்தில் நேராகப் போகிற கப்பலைக் குறிபார்ப்பது 34 நாட் வேகத்தில் வளைந்து வளைந்து போகிறதைக் குறிபார்ப்பதைவிட எளிது.

டார்பிடோ தாத்தா: 21 பாயின்ட்டும் இருந்தால் எப்படிப் பிரிப்பீர்கள்?

பிரிவென்டிவ் மெயின்டனன்ஸ் 1, லாஸ்ட் ஸ்டாண்ட் 2, சர்வைவபிலிட்டி எக்ஸ்பர்ட் 3, அட்ரினலின் ரஷ் 3, கன்சீல்மென்ட் 4, ஸ்விஃப்ட் 4, ரேடியோ லொகேஷன் 4. கூட்டினால் 21. பீரங்கியை நம்பி ஓட்டுகிறவர் என்றால் ஸ்விஃப்ட்டை விட்டுவிடுங்கள். சுடும்போதெல்லாம் வெளிப்பட்டுவிடுவீர்கள், 4 பாயின்ட் வீண்.

கடல்பூனை: நான் நேவிஃபீல்டு என்ற பழைய கடற்போர் விளையாட்டின் காலத்து ஆள். அங்கே இன்ஜினியர்களை வளர்த்தால் ஓவர்ஹீட் வேகம் (இன்ஜினை வரம்புக்கு மேல் ஓட்டும்போது வரும் வேகம்) எகிறும். இங்கே ஏன் வைக்கவில்லை? நிஜக் கப்பலிலும் ஆட்களின் கைத்திறமைதானே வேகம்?

நல்ல கேள்வி. நிஜத்தில் திறமைக்கு வேலை இருந்தது, குறிப்பாக நிலக்கரிக் காலத்தில். 1914 டிசம்பர் 8, ஃபாக்லாந்து தீவுப் போர். பிரிட்டிஷ் போர்க்கப்பல் கென்ட் ஜெர்மன் போர்க்கப்பல் நூர்ன்பெர்கைத் துரத்துகிறது. கென்ட்டின் வடிவமைப்பு வேகமே 23 நாட்தான், கைவசம் கரியும் குறைவு. மேஜை, நாற்காலி என்று மரச் சாமான்களை உடைத்து உலையில் போட்டு, வடிவமைப்பு வேகத்துக்கும் மேலே ஓட்டினார்கள். மாதக்கணக்கில் கடலிலேயே கிடந்து தேய்ந்த நூர்ன்பெர்குக்குக் கொதிகலன்கள் வெடித்தன. மாலைக்குள் மூழ்கியது. (செப்டம்பரில் மெட்ராஸைச் சுட்ட எம்டன் இதே படையிலிருந்து பிரிந்து வந்த கப்பல்தான்.)

ஆனால் அந்த உழைப்பெல்லாம் கொடுத்தது ஓரிரு நாட். காரணம், வேகம் கூடக்கூடத் தேவைப்படும் சக்தி ஏறக்குறைய வேகத்தின் மும்மடிக்கு (வேகம் × வேகம் × வேகம்) ஏற்ப எகிறும்.

கரிமூட்டை: அது கரி. எண்ணெய், டர்பைன் வந்தபின் ஆள் முக்கியமே இல்லை. கடல்பூனை சொல்வது பழங்கதை.

கடல்பூனை: டர்பைனைத் தேய விடாமல் வைத்திருப்பது யாராம், அலாவுதீன் பூதமா?

இரண்டு பேரிடமும் பாதி உண்மை இருக்கிறது. பராமரிப்பு கெட்டால் வேகம் விழும், அதில் கடல்பூனை சரி. ஆனால் உச்ச வேகத்தைத் தீர்மானிப்பது இயந்திரமும் உடலமைப்பும். அமெரிக்க பேட்டில்ஷிப்களைப் பாருங்கள்: சவுத் டகோட்டா வகை 130,000 குதிரைச் சக்தியில் 27 நாட். அயோவா 212,000-இல் 33. கூடுதலாக ஆறு நாட் வேண்டும் என்பதற்காகச் சுமார் 10,000 டன் பெரிய, நீளமான கப்பலையே கட்டினார்கள். ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து இந்த இடைவெளியை அடைக்க முடியாது.

இதே கணக்கை விளையாட்டில் போட்டுப் பாருங்கள். 5 சதவீத வேகத்துக்கு 16 சதவீதம் அதிக சக்தி வேண்டும். அதை ஒரு துணிக்கொடி கொடுக்கிறது! பிரெஞ்சு பூஸ்ட்டுக்கு 73 சதவீதம். இதை ஏற்றுக்கொண்டுதான் விளையாடுகிறோம், அப்புறம் இன்ஜினியர் இல்லை என்று ஏன் சண்டை?

கரிமூட்டை: அப்போது நான் சொன்னதுதானே சரி?

முக்கால்வாசி. இத்தோடு இரண்டு பேரும் நிறுத்துங்கள்.

புதுப்பயல்: ப்ரோ எத்தனை பாயின்ட் வந்தா ஸ்பீடு ஏறும்?

முதல் பதில்.

மீன்குழம்பு: கேப்டனை அடுத்த கப்பலுக்கு மாற்றினேன், ஸ்கில் எதுவும் சரியாக வேலை செய்யவில்லை.

புதுக் கப்பலுக்கான மறுபயிற்சி முடியும்வரை பலன் குறைவாகத்தான் இருக்கும். நிஜக் காசு கொடுத்து வாங்கும் விளையாட்டு நாணயமான டபுளூனைக் கொட்டி முடிக்காதீர்கள், காசைக் கரியாக்கும் வேலை அது. அதே நாட்டுப் பிரீமியம் கப்பல் (தனியாக வாங்கும் சிறப்புக் கப்பல்) கையில் இருந்தால் அதில் இந்தக் கேப்டனை ஏற்றி ஓட்டுங்கள். பிரீமியத்தில் மறுபயிற்சித் தொல்லை இல்லை, ஆடி வாங்கும் அனுபவம் பயிற்சிக்குப் போகும். 2021-இலிருந்து கப்பல் வகைக்கு ஒரு ஸ்கில் அட்டவணை என்று ஆகிவிட்டதால், டெஸ்ட்ராயர் கேப்டனை பேட்டில்ஷிப் பிரீமியத்தில் ஏற்றினாலும் பழைய தேர்வுகள் கலையாது.

நாலாம்கரை: விமானந்தாங்கிக்கு வேகம் கூட்ட?

நான் ஓட்டுவதில்லை. ஓட்டுகிறவர்களிடம் கேளுங்கள்.

வேகப்புயல்: 19 பாயின்ட் கேப்டன், கொடி, பூஸ்ட், ஸ்விஃப்ட் எல்லாம் போட்டும் ரெண்டு நிமிஷத்தில் மூழ்குகிறேன். இன்னும் எத்தனை பாயின்ட் வேண்டும்?

நேர்கோட்டில் ஓடுகிறீர்களா? சுக்கானைத் திருப்பினால் வேகம் விழுகிறதே என்று பயந்து திருப்பாமல் இருப்பவர்கள் நிறைய. விழட்டும். இன்ஜின் பூஸ்ட்டை ஆட்டம் தொடங்கியதும் போட்டுத் தீர்க்காமல், மாட்டிக்கொண்ட இடத்திலிருந்து வெளியே வருவதற்கு ஒன்றையாவது மிச்சம் வையுங்கள். இதைச் செய்துபார்த்தும் மூழ்கினால் ஆட்டப் பதிவை அனுப்புங்கள், பார்க்கிறேன்.

புதுப்பயல்: ப்ரோ க்ரூசருக்கு எத்தனை பாயின்ட்ல ஸ்பீடு ஏறும்?

முதல் பதிலின் முதல் வரி.