எடிட்டிங் படித்த பிறகு படம் பார்ப்பது: கேள்வி பதில்

இருபது வருடமாக எடிட்டிங் மேஜையில் உட்கார்ந்திருக்கிறேன். சினிமா நுட்பம் படித்த பிறகு பிடித்த படங்களைப் பார்ப்பது பற்றி வந்த கேள்விகளில், எனக்குத் தெரிந்தவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: எடிட்டிங் கோர்ஸில் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது அக்கா. எந்தப் படம் போட்டாலும் கட் மட்டும்தான் தெரிகிறது. கதைக்குள் போகவே முடியவில்லை. சரியாகுமா?

ஆகும். எனக்கு ஒன்றரை வருடம் அப்படி இருந்தது. டைப்ரைட்டிங் பழகுகிற பிள்ளைகளுக்குக் கொஞ்ச நாள் பஸ் போர்டைப் படித்தால்கூட விரல் துடிக்கும். அதே மாதிரிதான்.

ஒன்று மட்டும் எல்லோருக்கும் சொல்கிறேன். புதுப் படத்தை முதல் தடவை நிறுத்தாமல் பாருங்கள். எங்கே தொண்டை அடைத்தது, எங்கே கொட்டாவி வந்தது என்று முடிந்த பிறகு ஒரு தாளில் எழுதுங்கள். மறுநாள் அந்த இடங்களை மட்டும் சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். நீங்கள் அழுத இடத்தில் என்ன செய்திருக்கிறார்கள் என்பதுதான் பாடம். முதல் தடவையே நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் தாளில் எழுத ஒன்றும் இருக்காது.

கேள்வி: நாயகன் இருபது தடவை பார்த்த படம். டாப் லைட் பற்றிப் படித்ததிலிருந்து காட்பாதர் நினைப்புதான் வருகிறது. பிடித்த படம் கையைவிட்டுப் போன மாதிரி இருக்கிறது.

1972இல் வந்த காட்பாதரில் ஒளிப்பதிவாளர் கார்டன் வில்லிஸ் விளக்கைத் தலைக்கு மேலே கட்டி, நடிகர் பிராண்டோவின் கண்களை நிழலில் விட்டார். நாயகனில் அந்தச் சாயல் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் விளக்கு எங்கே இருந்தது என்பதோடு நிறுத்திவிட்டால் பாதிப் படிப்புதான். சென்னையில் தோட்டா தரணி போட்ட தாராவி செட்டில், பி.சி. ஸ்ரீராமின் வெளிச்சம் எதன்மேல் விழுகிறது, எதை இருட்டில் விடுகிறது என்று பாருங்கள். ஒளிப்பதிவு, கலை இரண்டுக்கும் தேசிய விருது கிடைத்தது. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். படம் திரும்பி வரும்.

கேள்வி: குறும்படம் எடுக்க எந்த கேமரா வாங்கலாம்?

ஒளிப்பதிவாளர் யாரையாவது கேளுங்கள். அது என் வேலை இல்லை.

கேள்வி: நுட்பம் தெரிந்தால் ரசனை போய்விடாதா?

முதல் பதிலைப் பாருங்கள்.

கேள்வி: சத்யஜித் ராயின் பதேர் பாஞ்சாலியில் அம்மா சர்பஜயா அழும் காட்சியில் அழுகைச் சத்தமே இல்லை, அங்கே ஒலிப்பது தார் ஷெனாய் என்று வகுப்பில் சொன்னார்கள். அதன் பிறகு அந்தக் காட்சியில் எனக்கு அழுகை வரவில்லை. தெரியாமலே இருந்திருக்கலாம்.

இதற்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பெயரில் ஷெனாய் இருந்தாலும் அது ஊதுகிற வாத்தியம் இல்லை. எஸ்ராஜ் என்ற தந்தி வாத்தியத்தில் கிராமபோன் மாதிரி ஒரு குழலைப் பொருத்தி வில்லால் வாசிப்பது. படத்துக்கு இசை ரவிசங்கர். மகள் துர்கா இறந்தது தெரியாமல் அப்பா ஹரிஹர் வெளியூரிலிருந்து திரும்பி வருகிறார். வாங்கி வந்ததை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுகிறார். பூரிக்கட்டை, லட்சுமி படம், அப்புறம் துர்காவுக்கு ஒரு சேலை. அதுவரை அவர்தான் பேசிக்கொண்டே இருக்கிறார். சர்பஜயா வாயே திறக்கவில்லை. சேலை கைக்கு வந்ததும் உடைகிறாள். அந்த இடத்தில்தான் வாத்தியம் உச்சத்தில் எழுகிறது.

உங்களுக்கு வகுப்பில் வாத்தியத்தின் பெயரை மட்டும் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு முந்திய இரண்டு நிமிடத்தை எடுத்துக் காட்டவில்லை.

கேள்வி: மேலே உள்ள பதிலுக்கு மறுப்பு. நடிகையின் குரலை எடுத்துவிட்டு இசையை வைத்தது ஏமாற்று. வெறும் அழுகை இன்னும் வலித்திருக்கும்.

நியாயமான சந்தேகம்தான். சைக்கோ படத்தின் குளியலறைக் கொலைக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்றுதான் இயக்குநர் ஹிட்ச்காக் முதலில் நினைத்தார். இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் வயலின்களை வைத்துக் காட்டிய பிறகு மனம் மாறினார். ஆக, இசை வேண்டுமா வேண்டாமா என்பதை வைத்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும். நீங்களும் செய்து பாருங்கள். அந்தக் காட்சியின் மீது நிஜமான அழுகை ஒன்றைப் பொருத்துங்கள். பக்கத்து வீட்டு அழுகை மாதிரி இருக்கும். எங்கள் வகுப்பில் செய்து பார்த்தோம். ஹரிஹருக்கு விஷயம் புரிகிற கணத்தை அந்தச் சத்தம் விழுங்கிவிட்டது. ஏமாற்று என்ற சொல்லை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கேள்வி: அக்கா, நுட்பம் படித்தால் படம் பார்க்கும் சந்தோஷம்...

நான்காவது ஆள் நீங்கள். இதற்கு இனி பதில் இல்லை. புதுப் படத்தை முதல் தடவை நிறுத்தாமல் பாருங்கள், அவ்வளவுதான்.

கேள்வி: ஏமாற்று என்று எழுதியவன்தான். நீங்கள் சொன்னது படித்தவர்களுக்குச் சரி. நுட்பம் தெரியாதவர்களுக்கு அங்கே வெறும் வாத்தியம்தானே கேட்கும்?

என் அம்மாவுக்கு எடிட்டிங் என்றால் என்னவென்று தெரியாது. போன வருடம் அவரோடு உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்த்தேன். நான் வாத்தியம் எழும் இடத்துக்குக் காது கொடுத்துக் காத்திருந்தேன். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலை கீரை ஆய்ந்துகொண்டே சொன்னார்: "அந்தப் பொம்பளை கதறின சத்தம் ராத்திரி பூரா காதுல கேட்டுக்கிட்டே இருந்துச்சுடி."