என் கொல்லையில் நான் கல் தேய்க்கக் கூடாதா?

கேள்வி: கிருஷ்ணகிரி பக்கம் எங்கள் ஊர். ஓய்வுபெற்ற ஆசிரியர் நான். கிணறு வெட்டியபோது வந்த பாறைகளையும், மலையடிவாரத்திலிருந்து டிராக்டரில் கொண்டுவந்த சிலவற்றையும் கொல்லையில் போட்டு, ஆங்கிள் கிரைண்டரில் டைமண்ட் பேட் மாட்டிப் பாலிஷ் போடுகிறேன். விற்பதில்லை. சத்தமும் தூசும் தாங்கவில்லை என்று பக்கத்து வீட்டுக்காரர் புகார் கொடுத்துவிட்டார். காவல் நிலையத்தில் கூப்பிட்டு, இனி மெஷினையே தொடக் கூடாது என்கிறார்கள். என் இடத்தில் எனக்கு உரிமை இல்லையா?

பதில்: உரிமை உண்டு ஐயா. வீட்டில் கல்லுக்குப் பாலிஷ் போடுவது குற்றமில்லை. ஆனால் சத்தமும் தூசும் மதிலைத் தாண்டிவிட்டால், அந்தப் பக்கம் இருப்பவருக்கும் கேட்க உரிமை வந்துவிடும்.

முதலில் சத்தம். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் காலை 6 முதல் இரவு 10 வரை 55 டெசிபல், இரவில் 45 டெசிபல்தான் அளவு. இதைவிட 10 டெசிபலோ அதற்கு மேலோ கூடினால் புகார் செய்யலாம். கிரைண்டர் கல்லில் பட்டால் பக்கத்தில் 90ஐத் தாண்டும். ஆகவே, நேரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். விடியற்காலையிலும் இரவிலும் வேண்டவே வேண்டாம்.

எனக்குக் கவலை தூசுதான். சத்தம் மெஷினை அணைத்தால் நின்றுவிடும். தூசு அவர் வீட்டுத் துளசி இலையிலும் தண்ணீர்த் தொட்டி மூடியிலும் படிந்து சாட்சியாக நிற்கும். ராம் பாஜ் சிங் எதிர் பாபுலால் வழக்கில் (1982), ஒரு மருத்துவரின் அறைக்குள் செங்கல் அரைக்கும் இயந்திரத்தின் தூசு வந்துகொண்டிருந்தது. அலகாபாத் உயர் நீதிமன்றம் அந்த இயந்திரத்துக்கே நிரந்தரத் தடை விதித்தது. உங்கள் பக்கத்து வீட்டுக்காரரும் உரிமையியல் நீதிமன்றத்தில் அதே தடையைக் கேட்க முடியும். அதைவிடப் பெரிது, அந்தத் தூசை முதலில் சுவாசிப்பவர் நீங்கள். கருங்கல் தூளில் சிலிக்கா இருக்கிறது. அதனால் வரும் சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோய்க்குக் குணமாக்கும் மருந்து கிடையாது.

அதனால் இனி தண்ணீர் விட்டு மட்டுமே தேயுங்கள். அதற்கென்று செய்த வெட் பாலிஷர் வாங்குங்கள், லைனில் மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஈ.எல்.சி.பி. கட்டாயம். வழிந்தோடும் வெள்ளைச் சேற்றைத் தெருச் சாக்கடையில் விடாமல் பிடித்து மூட்டையாக்குங்கள். காய்ந்தால் அதுவும் தூசுதான்.

சரி, காவல் நிலையம் சொன்னது? வாய்மொழியாகச் சொல்லி நிரந்தரமாகத் தடை செய்ய முடியாது. ஒலி மாசு விதிகளின் கீழ் அதிகாரம் பெற்ற அதிகாரி எழுத்தில் உத்தரவு போடலாம். அல்லது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 152ஆம் பிரிவின்படி கோட்டாட்சியர் போன்ற நிர்வாக நடுவர் நிபந்தனை உத்தரவு போடலாம். அதை எதிர்த்து உங்கள் தரப்பைச் சொல்ல வாய்ப்பும் உண்டு. எனவே 'இனி தொடமாட்டேன்' என்று எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். எந்த நேரத்தில், எத்தனை மணி நேரம், தண்ணீர் விட்டுத்தான் செய்வேன் என்று எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக நகலில் கையெழுத்து வாங்குங்கள். அதற்கு முன் பக்கத்து வீட்டுக்காரரிடமே போய்ப் பேசினால் இன்னும் நல்லது.

விற்க ஆரம்பித்தால் கதை வேறு. வீட்டு மின் இணைப்பில் தொழில் செய்தால் மின்சாரச் சட்டம் 126ஆம் பிரிவில் இரட்டிப்புக் கட்டணம் வரும்.

அப்புறம், நீங்கள் போகிற போக்கில் சொன்ன மலையடிவாரக் கல். உங்களை உண்மையில் மாட்டிவிடக்கூடியது இதுதான். கல் போன்ற கனிமத்தை அனுமதியும், வண்டியில் கொண்டுசெல்வதற்கான நடைச்சீட்டும் இல்லாமல் ஏற்றி வருவது 1957ஆம் ஆண்டு கனிமச் சட்டப்படி குற்றம். 5 ஆண்டு வரை சிறை, டிராக்டரும் பறிமுதலாகலாம். விற்கவில்லை என்பது இங்கே கைகொடுக்காது. கிணற்றுக் கல்லைத் தனியாக அடுக்கி, நிலத்தின் பட்டா நகலை வைத்துக்கொள்ளுங்கள். மலைக் கல் எடுத்த இடம் பட்டாவா, புறம்போக்கா, காப்புக்காடா என்று சர்வே எண்ணை வைத்துப் பாருங்கள். பட்டா இல்லையென்றால், காவல் நிலையத்தில் ஒரு வரி எழுதிக் கொடுப்பதற்கு முன் உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரை நேரில் பாருங்கள்.