டெபாசிட் கேட்டால் அது வேலை இல்லை

கேள்வி: கானாடுகாத்தானில் ஒரு வீட்டில் சமையல் வேலை பார்க்கிறேன். மகள் பி.காம். முடித்து ஒரு வருஷமாகச் சும்மா இருக்கிறாள். வசதியில்லாத பிள்ளைகளுக்கென்றே வெளிநாட்டுக் கம்பெனிகளின் கம்ப்யூட்டர் வேலையை இங்கேயே தரும் கம்பெனி என்று ஒருவர் 15,000 ரூபாய் டெபாசிட் கேட்கிறார். தோட்டை அடகு வைத்துக் கட்டலாமா?

பதில்: வேண்டாம் அம்மா, தோடு காதிலேயே இருக்கட்டும்.

அப்படிப்பட்ட கம்பெனிகள் உண்டு. சென்னை ஐஐடி ஆதரவில் வளர்ந்த தேசிக்ரூ, கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஊர்ப்பக்கமே கம்ப்யூட்டர் வேலை கொடுத்த நிறுவனம். ஆனால் வேலை கொடுப்பவர்தான் சம்பளம் தருவார். நம்மிடம் வாங்கமாட்டார்.

தேவகோட்டைப் பக்கத்துப் பையன் ஒருவன் தன் டைப்பிங் வேலை ஒப்பந்தத்தை என்னிடம் கொண்டுவந்தான். முதல் பக்கத்தில் சம்பளம் கொட்டை எழுத்தில். நாலாம் பக்கத்தில் பொடி எழுத்தில், 98 சதவீதம் பிழையில்லாமல் இருந்தால்தான் பணம். அடிக்கக் கொடுத்ததோ எழுத்தே தெரியாத மங்கலான படங்கள். பத்து ராத்திரி கண்விழித்து அடித்தான். பிழை அதிகம் என்று சல்லிக்காசு தரவில்லை. அப்புறம் நஷ்டஈடு கேட்டு வாட்ஸ்அப்பில் வக்கீல் நோட்டீஸ். அது கோர்ட் உத்தரவு இல்லை. அதற்குப் பயந்து மேலும் பணம் கட்டுகிறவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

பணம் கேட்டாலே ஏமாற்று என்று டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டை ஒதுக்கிவிடாதீர்கள். அது வேறு. அங்கே கட்டுவது வேலைக்கு இல்லை, கற்றுக்கொள்ள. மாதாமாதம் கட்டலாம், பிடிக்காவிட்டால் நின்றுவிடலாம். பரீட்சை நடத்துவது அரசு. லோயருக்கு நிமிஷத்துக்கு 30 வார்த்தை, ஹையருக்கு 45. தமிழும் ஆங்கிலமும் முடித்த பெண்ணுக்கு அந்தச் சான்றிதழ் காலத்துக்கும் உதவும். ஆனால் 'பயிற்சிக் கட்டணம் கட்டினால் வேலை நிச்சயம்' என்று இன்ஸ்டிடியூட்காரரே சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

அந்த ஆளிடம், ஏற்கெனவே வேலை பார்க்கும் ஒரு பெண்ணின் சம்பளச் சீட்டைக் காட்டச் சொல்லுங்கள். 20 பேர் வேலை பார்க்கும் இடமென்றால் பி.எஃப். பிடித்தே ஆகவேண்டும். சீட்டில் அவளுடைய பி.எஃப். எண் இருக்கும்.

சிற்றூர்களுக்கு பிபிஓ வேலை (வேறு கம்பெனிகளுக்காகச் செய்துகொடுக்கும் கம்ப்யூட்டர், போன் வேலை) வர மத்திய அரசு 48,300 இருக்கைகளுக்கு, அதாவது ஆள் உட்கார்ந்து வேலை பார்க்கும் இடங்களுக்கு, திட்டம் போட்டது. கம்பெனிக்கு இருக்கைக்கு 1 லட்சம் ரூபாய் வரை உதவி என்றது. எது நிஜக் கம்பெனி என்ற பட்டியலை நான் போன எந்த ஊராட்சி அலுவலகச் சுவரிலும் பார்த்ததில்லை. அதை ஒட்டாததால்தான் புரோக்கர் பிழைக்கிறான்.

முன்பணம் ஏதாவது கொடுத்துவிட்டீர்களா? அப்படியானால் இன்றைக்கே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போன் செய்யுங்கள். ரசீதையும் வாட்ஸ்அப் பேச்சையும் அழித்துவிடாதீர்கள்.