தமிழ்ச் சொல்லுக்கெல்லாம் சிவப்புக் கோடு: பிரவுசரில் எதை அணைப்பது, எதை விட்டுவைப்பது?

கேள்வி: குரோமில் தமிழில் தட்டச்சு செய்தால் பாதிச் சொற்களுக்குக் கீழே சிவப்புக் கோடு விழுகிறது. ஜிமெயிலில் ஆங்கிலத்தில் எழுதினால் ஊர்ப் பெயர், ஆள் பெயரையெல்லாம் அதுவே மாற்றிவிடுகிறது. ஆங்கிலப் பிழைதிருத்தியை இழக்காமல் இதைச் சரிசெய்ய வழி உண்டா?

பதில்: உண்டு. ஆனால் இவை இரண்டும் ஒரே கோளாறு அல்ல. கோடு போடுவது பிரவுசர். சொல்லை மாற்றுவது பெரும்பாலும் வேறு ஒன்று. அது எது என்று தெரியாமல் குரோம் செட்டிங்ஸில் தேடினால் பொழுதுதான் போகும்.

முதலில் சொல் மாறும் சிக்கல். மாறுகிற அதே பெயரை வேறொரு தளத்தின் எழுத்துப் பெட்டியில் தட்டச்சு செய்து பாருங்கள். அங்கே மாறவில்லையென்றால் வேலை ஜிமெயிலுடையது. பல்சக்கரக் குறியை அழுத்தி, எல்லா செட்டிங்ஸையும் திறந்து, ஜெனரல் பகுதியில் ஆட்டோகரெக்டை அணையுங்கள். பக்கத்தின் அடியில் உள்ள சேவ் பட்டனை அழுத்தாமல் வெளியே வந்தால் எதுவும் மாறியிருக்காது. பலர் தவறவிடுவது இதைத்தான். கூகுள் டாக்ஸில் இதே வசதி டூல்ஸ் மெனுவின் பிரிஃபரன்சஸில் இருக்கிறது.

எல்லாத் தளங்களிலும் மாறுகிறதென்றால் கைவைக்க வேண்டியது கணினியின் அமைப்பில். மேக்கில் சிஸ்டம் செட்டிங்ஸ், கீபோர்டு, டெக்ஸ்ட் இன்புட், எடிட் என்று போய், எழுத்துப்பிழையைத் தானாகத் திருத்தும் தேர்வை அணைக்கவும். விண்டோஸ் 11-ல் டைம் அண்ட் லேங்குவேஜ் என்பதன் கீழுள்ள டைப்பிங் பகுதி. போனில் பிரவுசருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, முழுக்க கீபோர்டு ஆப்பின் வேலை. எதையும் அணைக்க மனமில்லையா? கணினியில் சொல் மாறிய அந்தக் கணமே கன்ட்ரோல்-இசட் (மேக்கில் கமாண்ட்-இசட்) அழுத்துங்கள். நீங்கள் எழுதியது திரும்பி வரும்.

இனி சிவப்புக் கோடு. குரோமில் மூன்று புள்ளி மெனு, செட்டிங்ஸ், லேங்குவேஜஸ். அங்கே ஸ்பெல் செக் தலைப்பின் கீழ் மொழிவாரியாகத் தனித்தனி பட்டன் இருக்கும். தமிழை மட்டும் அணைத்து ஆங்கிலத்தை அப்படியே விடுங்கள். மாறாக, தமிழுக்கும் சரிபார்ப்பு வேண்டும், ஆனால் தமிழ் அந்தப் பட்டியலிலேயே இல்லையென்றால் முதலில் விருப்ப மொழிகளில் அதைச் சேர்க்க வேண்டும்.

அணைப்பதற்கு முன் ஒன்று. எல்லாக் கோடும் பொய்க் கோடு அல்ல. அகராதிக்குத் தெரியாததால் விழும் கோடுகள்தாம் அதிகம்: வேற்றுமை உருபு, ‘உம்’, ‘தான்’, ‘ஆவது’ என்று ஒட்டிக்கொண்டே போகும் நம் சொற்களின் எல்லா வடிவங்களும் அதில் இருக்காது. இதனால்தான் சொல்லை அகராதியில் சேர்க்கும் உத்தியும் தமிழுக்கு அவ்வளவாக உதவாது. ‘மின்கட்டணம்’ சேர்த்தால் அந்த வடிவம் மட்டுமே ஏறும். ‘மின்கட்டணத்தை’, ‘மின்கட்டணத்துக்கும்’ மறுபடி சிவக்கும். ஆங்கில எழுத்தில் எழுதும் நம்மூர்ப் பெயர்களுக்கோ இது அருமையான வழி: வலது கிளிக் செய்து சேர்த்தால் போதும். தவறான சொல்லைச் சேர்த்துவிட்டால் ஸ்பெல் செக் பகுதியிலுள்ள கஸ்டமைஸ் பட்டியலில் நீக்கலாம்.

வேறு வகைக் கோடும் உண்டு. கண்ணுக்குச் சரியாகத் தெரியும், உள்ளே பிழை இருக்கும். ‘கௌரி’ என்பதை ‘கெ’, ‘ள’ என்று இரண்டு எழுத்தாகத் தட்டச்சு செய்தால் ‘கெளரி’ ஆகிவிடும். ‘ஔவை’யை ‘ஒ’, ‘ள’ சேர்த்து அடிப்பதும் இதே கதைதான். பார்வைக்கு வித்தியாசம் தெரியாது, ஆனால் தேடுபொறியில் அந்தச் சொல் சிக்காமல் போகலாம். இங்கே சிவப்புக் கோடு உண்மையிலேயே உதவி செய்கிறது. ஒற்றுப் பிழையை மட்டும் அதனிடம் எதிர்பார்க்காதீர்கள். ‘அதை பார்த்தான்’ என்பதில் ‘அதை’ சரி, ‘பார்த்தான்’ சரி. சொல் சொல்லாகப் பார்க்கும் திருத்திக்கு நடுவில் ‘ப்’ விடுபட்டது தெரியாது. என்னைக் கேட்டால், வெளியிடுவதற்காக எழுதுபவர்கள் தமிழை அணைக்காமல் கோட்டைச் சகித்துக்கொள்வதே நல்லது. அரட்டைக்கு மட்டும் என்றால் தயங்காமல் அணைக்கலாம்.

ஃபயர்பாக்ஸில் தமிழ் அகராதியை ஆட்-ஆனாகத்தான் சேர்க்க வேண்டும். எழுத்துப் பெட்டியில் வலது கிளிக், லேங்குவேஜஸ், ஆட் டிக்ஷனரீஸ். 2022-ல் வந்த 100-ஆம் பதிப்பிலிருந்து ஆங்கிலம், தமிழ் இரண்டையும் ஒரே நேரத்தில் டிக் செய்துகொள்ளலாம். ஒற்றை வரிப் பெட்டிகளில் கோடு வராதது கோளாறு அல்ல; பல வரிப் பெட்டிகளை மட்டும் சரிபார்ப்பதே அதன் இயல்பு. வேறு சில தளங்கள் பிழை சரிபார்ப்பைத் தாங்களே தடுத்து வைத்திருக்கும், அங்கே எந்த பிரவுசரிலும் கோடு விழாமல் போகலாம்.

குரோமின் ஸ்பெல் செக் பகுதியில் பேசிக், என்ஹான்ஸ்டு என்று இரண்டு தேர்வுகள் உண்டு. பேசிக்கையே வையுங்கள். என்ஹான்ஸ்டு தேர்ந்தால் நீங்கள் தட்டச்சு செய்வது கூகுள் சர்வருக்குப் போய்த்தான் சரிபார்க்கப்படும். பாஸ்வேர்டைக் காட்டும் கண் குறியை அழுத்தினால் அந்தப் பெட்டி சாதாரண எழுத்துப் பெட்டியாக மாறிவிடுவதால், பாஸ்வேர்டும் இப்படிப் போகக்கூடும் என்று 2022-ல் பாதுகாப்பு ஆய்வாளர்கள் காட்டினார்கள். அலுவலகக் கணினியிலும் வங்கி வேலைக்குப் பயன்படுத்தும் கணினியிலும் இந்த ஒரு பட்டனை இன்றே பார்த்துவிடுங்கள்.